எந்தக் கோர்ட்டுக்குப் போவது? கரிசல் பூமியில் குடும்ப வழக்குகள் வந்த பாதை

1990-களின் தொடக்கம் என்று வைத்துக்கொள்வோம். கோவில்பட்டியில் ஒரே தெருவில் மூன்று பெண்கள். மூன்று பேருமே தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவர்கள். மூன்று பேரின் புருஷன்மாரும் விட்டுவிட்டுப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. இனி சட்டப்படி விலகிக்கொள்ளலாம் என்று மூவரும் முடிவெடுக்கிறார்கள். எந்தக் கோர்ட்டுக்குப் போக வேண்டும்?

முதல் பெண் இந்து. அவர் சார்பு நீதிமன்றத்துக்கு, அதாவது சப் கோர்ட்டுக்குப் போக வேண்டும். இரண்டாவது பெண் முஸ்லிம். அவருக்கு முன்சீப் கோர்ட். மூன்றாவது பெண் கிறிஸ்தவர். அவர் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அங்கேயும் புருஷன் விட்டுப் போனதை மட்டும் சொன்னால் விவாகரத்து கிடைக்காது, அவனுக்கு வேறு தொடுப்பு இருந்ததையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். அப்படி நிரூபித்து ஜெயித்தாலும் தீர்ப்பு அப்போதைக்குச் செல்லாது. சென்னை உயர்நீதிமன்றம் உறுதி செய்த பிறகுதான் செல்லும்.

விவாகரத்தெல்லாம் வேண்டாம், மாசாமாசம் சோத்துக்கு வழி பண்ணினால் போதும் என்றால் மூன்று பேருக்கும் ஒரே இடம், மாஜிஸ்திரேட் கோர்ட்.

ஒரே தெரு, ஒரே பிரச்சினை, நாலு கோர்ட்.

குடும்பச் சட்டத்தின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் எந்த வருஷம் எந்த உரிமை வந்தது என்று பட்டியல் போடுவார்கள். எந்தக் கோர்ட்டுக்கு எந்த வழக்கை விசாரிக்க அதிகாரம், எந்த ஊர் கோர்ட்டில் போடலாம் என்ற பிரிவுகளை யாரும் அவ்வளவாகப் படிப்பதில்லை. பார்க்கச் சலிப்பான பிரிவுகள்தான். ஆனால் கரிசல் காட்டில் ஒரு பெண்ணுக்குச் சட்டம் தந்த உரிமை கைக்கு வந்து சேர்ந்ததா இல்லையா என்பதை முடிவு செய்தவை அவைதான். அந்தப் பாதையைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

துரும்பும் பத்திரமும்

கோர்ட்டுக்கு முன்னால் ஊர் இருந்தது. தென் மாவட்டங்களில் பல சாதிகளில் விலகிக்கொள்வது ரொம்ப காலமாக இருந்த வழக்கம். மறுமணமும் இருந்தது. 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில் ஒரு வழக்கம் பதிவாகியிருக்கிறது. சாதிக்காரர்கள் முன்னிலையில் புருஷன் ஒரு துரும்பைக் கொடுத்தால் உறவு முடிந்தது என்று அர்த்தம். துரும்பு கொடுத்தாயிற்று என்றால் விலக்கிவிட்டான், துரும்பு வாங்கிக்கொண்டாள் என்றால் அவளும் சம்மதித்தாள். நம்ம பக்கத்துப் பேச்சில் இதற்கு 'அத்துவிடுறது' என்று பெயர். "இதுக்கு மேல ஒட்டாது, அத்துவிட்ருவோம்" என்று பெரியவர்கள் பேசி முடிப்பார்கள்.

ஆங்கிலேயர் கோர்ட்டும் இதை முழுசாகத் தள்ளிவிடவில்லை. இரு தரப்பும் சம்மதித்து விலகி மறுமணம் செய்துகொள்ள ஒரு சாதியின் வழக்கம் இடம் கொடுத்தால் அதில் ஒழுக்கக்கேடு எதுவும் இல்லை என்று மெட்ராஸ் உயர்நீதிமன்றம் 1894-இலேயே ஏற்றுக்கொண்டது. 1955-ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டமும் இந்தக் கதவை மூடவில்லை. வழக்காறுப்படி கிடைக்கும் விவாகரத்தை இந்தச் சட்டம் பாதிக்காது என்று அதன் 29-வது பிரிவு சொல்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வழக்காறு இருக்கிறது என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 2002-இல் உச்சநீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொன்னது. வழக்காறு பொதுச் சட்டத்துக்கு விதிவிலக்கு, எனவே அதை வழக்கில் எடுத்துச் சொல்லி, சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும், பத்திரம் எழுதிக்கொண்டால் மட்டும் போதாது.

ஊரில் எழுதிய முத்திரைத்தாள் விடுதலைப் பத்திரம் இருபது வருஷம் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். இரண்டாவது புருஷன் இறந்து, வாரிசுச் சான்றிதழோ குடும்ப பென்ஷனோ கேட்டுப் போகும்போதுதான் அது செல்லுமா என்ற கேள்வி வரும். முதல் கல்யாணம் சட்டப்படி முடியவே இல்லையென்றால் இரண்டாவது கல்யாணம் கல்யாணமே இல்லை. நஷ்டம் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

அப்படியென்றால் ஜனங்கள் ஏன் கோர்ட்டை விட்டு ஊர்ப் பத்திரத்தைத் தேடினார்கள்? அறியாமை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம், ஆனால் அது பாதிப் பதில்தான். மீதிப் பாதி, தூரம். ஊர்ச் சாவடி நடக்கிற தூரத்தில் இருந்தது. கோர்ட் அப்படி இல்லை.

முன்சீப் கோர்ட்டில் கல்யாண வழக்கு

மெட்ராஸ் மாகாணத்தில் கீழ்மட்ட சிவில் கோர்ட்டுகளுக்கு உருவம் கொடுத்தவை 1816-ஆம் வருஷத்து ஒழுங்குவிதிகள். கிராம முன்சீப்புக்குச் சின்னச் சின்னப் பண வழக்குகள், அவருக்கு மேலே மாவட்ட முன்சீப் என்று ஏற்பாடு. பிறகு 1873-இல் மெட்ராஸ் சிவில் நீதிமன்றங்கள் சட்டம் வந்தது. முன்சீப், சார்பு நீதிபதி, மாவட்ட நீதிபதி என்ற இன்றைய ஏணி அதில்தான் உறுதியானது.

அந்தச் சட்டத்தின் 16-வது பிரிவு முக்கியமானது. வாரிசுரிமை, திருமணம், சாதி பற்றிய கேள்வி வந்தால் இந்துக்களுக்கு இந்து சட்டப்படியும் முஸ்லிம்களுக்கு முஸ்லிம் சட்டப்படியும், சட்ட பலம் உள்ள வழக்காறு இருந்தால் அதன்படியும் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்கிறது. அதாவது கல்யாண விவகாரம் சிவில் கோர்ட்டுக்கு அந்நியமான விஷயம் இல்லை. 1867-இலேயே லண்டன் பிரிவி கவுன்சில், பெண்டாட்டியைச் சேர்ந்து வாழ அனுப்பச் சொல்லும் வழக்கை இந்திய சிவில் கோர்ட் விசாரிக்கலாம் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதனால் முன்சீப் கோர்ட்டில் இந்த மாதிரி வழக்குகள் சாதாரண சிவில் வழக்குகளாகவே நடந்தன.

கோவில்பட்டிக்கும் இதில் ஒரு சின்னப் பெருமை உண்டு. வ.உ.சி. 1895-இல் ஒட்டப்பிடாரத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கியவர். சிறைக்குப் போனதால் வக்கீல் உரிமம் பறிபோனது. நீதிபதி வாலஸ் முயற்சியால் அது திரும்பக் கிடைத்தது, அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். 1920-களில் அவர் கறுப்புக் கோட்டுப் போட்டு வந்து நின்றது கோவில்பட்டிக் கோர்ட்டில்தான். 1932 வாக்கில்தான் தூத்துக்குடிக்குப் போனார். சுற்று வட்டாரச் சம்சாரிகளின் வழக்குகள் வந்து சேரும் இடமாக அப்போதே கோவில்பட்டி இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் இந்துப் பெண்ணுக்குப் பொதுவான விவாகரத்துச் சட்டம் என்று அப்போது எதுவும் இல்லை. கோர்ட் பக்கத்தில் இருந்தது, கேட்க உரிமை இல்லை. உரிமை வந்தபோது கோர்ட் தூரமாகப் போனது. அடுத்து அதைப் பார்ப்போம்.

மேலே போன அதிகாரம்

1869-இல் வந்த இந்திய விவாகரத்துச் சட்டம் கிறிஸ்தவர்களுக்கானது. அதற்கு மாதிரி, 1857-இல் இங்கிலாந்தில் வந்த சட்டம். இங்கிலாந்தில் கடன் வழக்கு, வாடகை வழக்கு மாதிரியான சின்ன வழக்குகளுக்கு 1846 முதல் ஊருக்கு ஊர் கவுண்டி கோர்ட்டுகள் இருந்தன. விவாகரத்தை மட்டும் அவற்றிடம் கொடுக்கவில்லை. லண்டனில் தனிக் கோர்ட் வைத்தார்கள். கல்யாணம் பெரிய விஷயம், பெரிய நீதிபதிதான் தொட வேண்டும் என்ற எண்ணம்.

அதே எண்ணம் கப்பலேறி இங்கேயும் வந்தது. 1869 சட்டப்படி மாவட்ட நீதிபதி தரும் விவாகரத்துத் தீர்ப்பு உயர்நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் முன்னால் போய் உறுதியாக வேண்டும். திருநெல்வேலிச் சீமை கிறிஸ்தவர்கள் நிறைந்த பகுதி. இங்கே ஒரு பெண்ணின் வழக்கு சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி சென்னையில் முடிய வேண்டியிருந்தது.

அதோடு ஆணுக்கு ஒரு காரணம் போதும், பெண்ணுக்கு இரண்டு காரணம் வேண்டும் என்ற ஓரவஞ்சனை வேறு. 1995-இல் கேரள உயர்நீதிமன்றம் இந்த ஓரவஞ்சனையைத் தவறு என்றது. 2001 திருத்தத்தில்தான் இரண்டுமே நாடு முழுக்க ஒழிந்தன. 132 வருஷம்!

இங்கிலாந்துக்காரர்கள் அதற்கு முன்பே மாறிவிட்டார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் விவாகரத்து மனுக்கள் மலைபோல் குவிந்தன. 1946 முதல் கவுண்டி கோர்ட் நீதிபதிகளையே 'சிறப்பு ஆணையர்' என்ற பெயரில் உட்கார வைத்து விசாரித்தார்கள். ஆள் அதே ஆள்தான், அந்த நாளுக்கு மட்டும் உயர்நீதிமன்ற நீதிபதி மாதிரி. இந்த வேஷம் எதற்கு என்று யோசித்து 1967-இல் சட்டம் போட்டார்கள். எதிர்ப்பில்லாத விவாகரத்து வழக்குகளை கவுண்டி கோர்ட்டே விசாரிக்கலாம் என்று ஆனது. அடுத்த வருஷமே அது நடைமுறைக்கு வந்தது.

அரசிதழில் ஒரு அறிவிப்பு

நம்ம பக்கம் 1949-இல் மெட்ராஸ் மாகாணம் இருதார மணத் தடை, விவாகரத்து இரண்டுக்கும் சேர்த்து இந்துக்களுக்கு ஒரு சட்டம் போட்டது. நாடு முழுதுக்குமான இந்து திருமணச் சட்டம் வருவதற்கு ஆறு வருஷம் முன்பே இங்கே அந்த உரிமை இருந்தது.

1955 சட்டம் மனுவை 'மாவட்ட நீதிமன்றத்தில்' போடச் சொன்னது. கோவில்பட்டி அப்போது திருநெல்வேலி மாவட்டம். விளாத்திகுளத்துக்கு அந்தாண்டை புதூர், நாகலாபுரம் பக்கத்துப் பெண் ஒருவர் ஜில்லாத் தலைநகர் வரைக்கும் வாய்தாவுக்குப் போய் வருவதை நினைத்துப் பாருங்கள். காலையில் 10:30 மணிக்குக் கோர்ட் உட்காரும். பெயர் கூப்பிடும்போது இருக்க வேண்டும். இல்லாவிட்டால், மனுப் போட்டவராக இருந்தால் மனு தள்ளுபடி, எதிர்மனுதாரராக இருந்தால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. பெயர் கூப்பிட்ட பிறகு பத்து நிமிஷத்தில் அடுத்த வாய்தா தேதி சொல்லி அனுப்புவார்கள். அன்றைய கூலி போச்சு. துணைக்கு வந்த அண்ணன் கூலியும் போச்சு.

ஆனால் சட்டத்தை எழுதியவர்கள் ஒரு சின்ன வழி விட்டிருந்தார்கள். 3-வது பிரிவின் ஆ உட்பிரிவில் 'மாவட்ட நீதிமன்றம்' என்ற சொல்லுக்கு விளக்கம் இருக்கிறது. மாநில அரசு அரசிதழில் அறிவிக்கும் வேறு எந்த சிவில் நீதிமன்றமும் இதில் அடங்கும் என்று அது முடிகிறது. தமிழக அரசு அந்த வரியைப் பயன்படுத்தித்தான் சார்பு நீதிமன்றங்களுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தது. புதுச் சட்டம் இல்லை, புதுக் கட்டிடம் இல்லை, புது நீதிபதி இல்லை. ஒரு அறிவிப்பு, அவ்வளவுதான். கடன் வழக்கும் பாகப்பிரிவினை வழக்கும் நடந்த அதே சப் கோர்ட்டில் எச்.எம்.ஓ.பி. என்று ஒரு புது வரிசை எண் தொடங்கியது. இன்றைக்கும் கோவில்பட்டி சப் கோர்ட்டில் அந்த வரிசை ஓடிக்கொண்டிருக்கிறது.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு சிஸ்டத்தில் என்ன வசதி இருக்கிறது என்பது ஒன்று, எந்த யூசருக்கு எந்த இடத்திலிருந்து அதைத் தொட அனுமதி என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சரியாக அமைக்காவிட்டால் முதலாவது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்கிலும் இதே கதை உண்டு. 1890-ஆம் வருஷத்து காப்பாளர் சட்டம் மாவட்ட நீதிமன்றத்தைத்தான் சொன்னது. 1926-இல் ஒரு பிரிவைச் சேர்த்து, கீழ்நிலை நீதிபதிகளும் விசாரிக்க உயர்நீதிமன்றம் அதிகாரம் கொடுக்கலாம் என்றார்கள். முஸ்லிம் பெண்களுக்கான 1939 சட்டமோ 'மாவட்ட நீதிமன்றம்' என்று கட்டுப்பாடே வைக்கவில்லை. அதனால் அது ஆரம்பம் முதலே முன்சீப் கோர்ட்டில் சாதாரண சிவில் வழக்காகப் போட முடிந்தது. தூரத்தைப் பொறுத்தவரை மூன்றில் இந்தச் சட்டம்தான் பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்தது.

எந்த ஊர்? யாருடைய ஊர்?

எந்த மட்டத்துக் கோர்ட் என்பது ஒரு பாதி. எந்த ஊர்க் கோர்ட் என்பது மறு பாதி.

1955 சட்டப்படி மனுவைக் கல்யாணம் நடந்த ஊரில் போடலாம், எதிராளி வசிக்கும் ஊரில் போடலாம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊரில் போடலாம். நம்ம பக்கத்தில் பல குடும்பங்களில் கல்யாணம் மாப்பிள்ளை ஊரில் நடக்கும், குடித்தனமும் அங்கேதான். சண்டை வந்தால் பெண் அப்பா வீட்டுக்கு வந்துவிடுவாள். அப்போது அவளுக்கு மூன்று கதவும் அவன் ஊரிலேயே திறக்கும். அவன் மனுப் போட்டால் அவனுக்கு அவள் ஊரும் உண்டு, ஆனால் அங்கே போக அவனுக்கு என்ன தேவை?

ஜீவனாம்சச் சட்டத்தில் இந்தக் கோளாறு முன்பே சரியானது. 1973-ஆம் வருஷத்து குற்றவியல் நடைமுறைச் சட்டம், 126-வது பிரிவில் மனைவி வசிக்கும் இடத்தையும் சேர்த்துவிட்டது. அதனால்தான் நம்ம பக்கத்துப் பெண்களுக்கு ரொம்ப நாளாகப் பரிச்சயமான கோர்ட் மாஜிஸ்திரேட் கோர்ட். ஆனால் மாதம் 500 ரூபாய்க்கு மேல் அங்கே கொடுக்க முடியாது. அந்த உச்சவரம்பு 2001-இல்தான் போனது. பக்கத்தில் இருந்த கோர்ட்டில் கிடைத்தது அவ்வளவுதான்.

விவாகரத்து வழக்கில் மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம் என்ற திருத்தம் இந்து திருமணச் சட்டத்துக்கும் சிறப்புத் திருமணச் சட்டத்துக்கும் 2003-இல் வந்தது. முப்பது வருஷம் தாமதம். 2005-ஆம் வருஷத்து குடும்ப வன்முறைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரையும் ஏற்றுக்கொண்டது. கிறிஸ்தவர்களுக்கான 1869 சட்டத்தின் 3-வது பிரிவில் மட்டும், 2001 திருத்தத்துக்குப் பிறகும், மனைவி தனியாக வசிக்கும் ஊர் இல்லை. கல்யாணம் நடந்த ஊர், அல்லது இருவரும் வசிக்கும் ஊர், அல்லது கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், அவ்வளவுதான்.

புருஷன் முந்திக்கொண்டு அவன் ஊரில் மனுப் போட்டுவிட்டால்? 1976-இல் சேர்த்த 21-ஏ பிரிவுப்படி, இருவரும் வெவ்வேறு கோர்ட்டில் விவாகரத்து மனுப் போட்டால் பின்னால் போட்டது முன்னால் போட்ட கோர்ட்டுக்குப் போகும். முந்தியவருக்கு லாபம்.

தன் ஊருக்கு வழக்கை மாற்றக் கேட்கலாம். ஒரே மாவட்டத்துக்குள் என்றால் மாவட்ட நீதிமன்றமே மாற்றும். மாவட்டம் தாண்டினால் உயர்நீதிமன்றம்தான். இங்கேதான் கரிசல் பூமியின் பூகோளம் குறுக்கே வருகிறது. கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். பொண்ணு எடுப்பதும் கொடுப்பதும் காலங்காலமாக நடக்கிறது. ஆனால் கோவில்பட்டி தூத்துக்குடி மாவட்டம், சாத்தூர் விருதுநகர் மாவட்டம். அந்த மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் இருப்பதோ ஸ்ரீவில்லிபுத்தூரில். இருபது கிலோமீட்டர் தள்ளி நடக்கும் வழக்கை மாற்ற 2004 ஜூலை வரை சென்னைக்குத்தான் போக வேண்டும். அந்த மாதம் 24-ஆம் தேதி மதுரைக் கிளை திறந்த பிறகு அது சுமார் 100 கிலோமீட்டராகக் குறைந்தது. தென் மாவட்டக்காரர்கள் மதுரைக் கிளைக்காக ஏன் அவ்வளவு காலம் போராடினார்கள் என்பதற்கு இப்படி நிறையக் காரணங்கள் உண்டு.

1984: எல்லாம் ஒரே கூரையின் கீழ்

கட்டுரை ஆரம்பத்தில் சொன்ன 'நாலு கோர்ட்' பிரச்சினைக்கு விடை குடும்ப நீதிமன்றம். 1953-இல் சீனாவுக்குப் போய்வந்த துர்காபாய் தேஷ்முக் இந்த யோசனையை இங்கே பேசத் தொடங்கினார். 1974-இல் சட்ட ஆணையத்தின் 59-வது அறிக்கையும் பெண்கள் நிலை பற்றிய குழுவின் அறிக்கையும் அதையே வற்புறுத்தின. 1984-இல் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் வந்தது.

அதன் 7-வது பிரிவு மாவட்ட நீதிமன்றம், சப் கோர்ட், முன்சீப் கோர்ட் எல்லாவற்றிலும் கிடந்த குடும்ப வழக்குகளை ஒரே இடத்தில் சேர்த்தது. மாஜிஸ்திரேட்டின் ஜீவனாம்ச அதிகாரத்தையும் அதோடு கொடுத்தது. மதம் எதுவானாலும் கோர்ட் ஒன்று. முதலில் சமரச முயற்சி, ஆலோசகர்கள் உதவி. வக்கீல் வைத்துக்கொள்வது உரிமை அல்ல, கோர்ட் அனுமதித்தால்தான். மேல்முறையீடு நேராக உயர்நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு.

நல்ல சட்டம். ஆனால் நம் ஊர்க் கோணத்தில் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். 3-வது பிரிவுப்படி பத்து லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள நகரத்துக்குக் குடும்ப நீதிமன்றம் கட்டாயம். மற்ற இடங்களில் அரசு தேவை என்று நினைத்தால் அமைக்கலாம். கரிசல் பகுதியில் பத்து லட்சம் பேர் உள்ள நகரம் எது? எதுவுமில்லை. மனதில் பெருநகரத்தை வைத்து எழுதிய சட்டம் இது.

அடுத்தது 8-வது பிரிவு. ஒரு பகுதிக்குக் குடும்ப நீதிமன்றம் வந்துவிட்டால் அந்தப் பகுதியின் மற்றக் கோர்ட்டுகள் அந்த வழக்குகளைத் தொடக் கூடாது. இதுதான் கத்தியின் மறுமுனை. தூத்துக்குடியில் குடும்ப நீதிமன்றம் இருக்கிறது. கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடி சுமார் 60 கிலோமீட்டர். மாவட்டம் முழுவதும் அந்த ஒரே குடும்ப நீதிமன்றத்தின் எல்லைக்குள் வந்தால், கோவில்பட்டி சப் கோர்ட்டின் எச்.எம்.ஓ.பி. வரிசையும், இங்குள்ள மாஜிஸ்திரேட்டின் ஜீவனாம்ச வழக்குகளும் மொத்தமாக அங்கே போய்விடும். ஒட்டப்பிடாரத்துக்காரர்களுக்குக் கஷ்டமில்லை, அவர்களுக்குத் தூத்துக்குடி பக்கம். எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, கோவில்பட்டி தாலுகாக்காரர்களுக்கு, 1955-இல் இருந்த தூரம் வேறு பெயரில் திரும்ப வரும்.

அப்படியானால் சப் கோர்ட்டே போதும், தனிக் குடும்ப நீதிமன்றம் வேண்டாம் என்று சொல்லலாமா? அதுவும் சரியில்லை. சொத்து வழக்குக் கட்டுகளுக்கு நடுவே ஒரு கல்யாண வழக்கு மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று வழக்காடியவர்களுக்குத் தெரியும். 1976-இல் சிவில் நடைமுறைச் சட்டத்தில் 32-ஏ என்று ஒரு கட்டளையைச் சேர்த்தார்கள். குடும்ப வழக்கில் சமரசம் செய்துவைக்கப் பார், தேவையென்றால் மூடிய அறையில் விசாரி, குடும்ப நலனில் அனுபவம் உள்ளவர்கள் உதவியை எடுத்துக்கொள் என்று சாதாரண சிவில் கோர்ட்டுக்கே அது சொல்கிறது. புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் சப் கோர்ட்டுக்கு ஆலோசகர் பதவியும் கிடையாது, தனி அறையும் கிடையாது. விதி மட்டும் கொடுத்து வசதி கொடுக்காமல் விட்டதால் அது ஏட்டுச் சுரைக்காயாக நின்றுவிட்டது.

வீடியோவில் வாய்தா

"இந்தக் காலத்தில் தூரம் ஒரு பிரச்சினையா, வீடியோ கான்பரன்ஸ் இருக்கிறதே" என்று என் தொழில்காரர்கள் முதலில் கேட்பார்கள். இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. வழக்கை ஊர் மாற்றிக் கேட்பதற்குப் பதில் வீடியோவில் விசாரிக்கலாம் என்று 2017-இன் தொடக்கத்தில் உச்சநீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் அமர்வு சொன்னது. அதே வருஷம் அக்டோபரில் மூன்று நீதிபதிகள் அமர்வு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மாற்றியது. சமரச முயற்சி நடக்கும் கட்டத்தில் வீடியோ கூடாது. சமரசம் தோற்ற பிறகு இருவரும் சம்மதித்துக் கேட்டால் பார்க்கலாம். நேரில் உட்கார்ந்து பேசுவதும், பேசியது வெளியே போகாமல் இருப்பதும் குடும்ப வழக்கின் உயிர் என்பது பெரும்பான்மையினர் வாதம்.

கோவிட் காலம் பழக்கத்தை நிறைய மாற்றிவிட்டது. ஆனாலும் அந்த வாதத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஒரே அறையுள்ள வீட்டில், மாமனோ அண்ணனோ பக்கத்தில் நிற்க, போனைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் மனசில் உள்ளதைப் பேசிவிட முடியாது. அடுத்த வாய்தா தேதி சொல்வதற்கு மட்டும் வீடியோ அருமையான கருவி. ஒரு நாள் கூலி மிச்சமாகும். வழக்கைக் கேட்க, கோர்ட் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பக்கத்து மாநிலத்தில் என்ன செய்தார்கள்?

மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டிக் கேரளத்தைப் பாருங்கள். அங்கே குடும்ப நீதிமன்றம் மாவட்டத் தலைநகரோடு நிற்கவில்லை. நெடுமங்காடு, இரிஞ்ஞாலக்குடா, ஒற்றப்பாலம், வடகரை என்று நம் கோவில்பட்டி மாதிரியான ஊர்களிலும் இருக்கிறது. அவர்களிடம் இருப்பதும் இதே 1984 சட்டம்தான். 3-வது பிரிவில் உள்ள 'அமைக்கலாம்' என்ற சொல்லை அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். நீதிமன்றத்தின் எல்லையை உயர்நீதிமன்றத்தைக் கலந்துகொண்டு மாநில அரசே கூட்டலாம், குறைக்கலாம், மாற்றலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. நாடாளுமன்றம் வரை போகத் தேவையில்லை. மறுபடியும் அரசிதழ் அறிவிப்புதான்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. குடும்ப வழக்கு பெரிய விஷயம், எனவே பெரிய கோர்ட் என்று நினைத்த ஒவ்வொரு முறையும் அது கிராமத்துப் பெண்ணிடமிருந்து விலகிப் போனது. 1869-இல் அப்படித்தான், 1955-இல் அப்படித்தான். கீழே இறக்கிய ஒவ்வொரு முறையும், அதாவது முன்சீப் கோர்ட், சப் கோர்ட், மாஜிஸ்திரேட் கோர்ட், அவள் வசிக்கும் ஊர் என்று வந்தபோதெல்லாம், அவள் கைக்கு எட்டியது. எட்டாத காலத்தில் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை, முத்திரைத்தாளில் எழுதித் தீர்த்துக்கொண்டார்கள். அதன் கடன் இருபது வருஷம் கழித்து வந்து நின்றது.

ஆகவே கோவில்பட்டிக்கு என்ன கேட்பது என்று யாராவது கேட்டால் என் பதில் இது. தூத்துக்குடி குடும்ப நீதிமன்றத்தின் எல்லையை இந்தப் பக்கம் நீட்டச் சொல்லிக் கேட்கக் கூடாது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு தாலுகாக்களுக்கு என்று கோவில்பட்டியிலேயே ஒரு குடும்ப நீதிமன்றம் கேட்க வேண்டும். அது வரும்வரை சப் கோர்ட்டின் அதிகாரத்தில் கை வைக்காமல், அதற்கு ஒரு ஆலோசகரையும் கதவு மூடக்கூடிய ஒரு அறையையும் கொடுக்கச் சொல்ல வேண்டும். புதூரிலிருந்து காலை பஸ் பிடிக்கிற பெண் 10:30-க்குள் வந்து, தன் பெயர் கூப்பிடும்போது "இருக்கேன்" என்று சொல்ல முடிகிற தூரத்தில் அந்த அறை இருக்க வேண்டும்.